சீல் பிரிக்காத மெஷின்

உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. நீங்க சந்தனமாரியோட அப்பான்னு வாசல்ல நிக்கும்போதே தெரிஞ்சிட்டு, அந்த நெத்தியும் புருவமும் அப்படியே அவளுக்கு. காப்பி போடட்டுமா? வேண்டாமா, சரி, பெறவு பாப்போம். எதுக்கு வந்திருக்கீங்கன்னும் தெரியும். விசாரணையில மாரிக்காக நான் ரெண்டு வரி எழுதிக் குடுக்கணும், அதுதான? நேத்து நர்சுங்க சங்கத்துல இருந்து ஒரு அம்மா வந்துட்டுப் போனா. அதுக்கு முந்துன நாள் எங்க சர்ச் பாஸ்டரே கேட்டாரு. எல்லாரும் ஒரே பேச்சுதான், அந்தப் பிள்ளையக் காப்பாத்துங்க சிஸ்டர்னு. இந்த எப்சிபாவ யாரு காப்பாத்துவான்னு ஒருத்தரும் கேக்கல. போகட்டும்.

நான் சொல்லுதத முழுசாக் கேட்டுட்டுப் போங்க. வெளிய ஆளாளுக்கு ஒண்ணு பேசுதாங்க, எல்லாம் அரைகுறை. பேப்பர்க்காரன் ‘பூட்டிக் கிடந்த உயிர் காக்கும் கருவி’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். பூட்டு எங்க இருந்துச்சி? துணிதான் போட்டு மூடியிருந்துச்சி. மூடித்தான் வைக்கணும் அண்ணாச்சி. வீட்டுல சோத்துப் பானையே மூடித்தான வைக்கோம்.

எங்க ஐசியூல மூச்சு மெஷின் நாலு. வென்டிலேட்டர்ம்பாங்க. தானா மூச்சு விட முடியாத ஆளுக்குத் தொண்டையில குழாய விட்டு அதுல மாட்டுனா, அது மூச்சு குடுக்கும். மூணு மெஷின்ல எப்பவும் ஆள் கெடக்கும். நாலாவதுதான் ரெடி மெஷின். எந்த நேரத்துல எவன் வந்தாலும் அந்தானைக்கி மாட்டத் தயாரா நிக்கணும், அதான் ரெடி. அதுக்கு நான்தான் பொறுப்பு. பதினாறு வருசமா நான்தான்.

தயாருன்னா சும்மா இல்ல, பாத்துக்கிடுங்க. குழாய எல்லாம் கழத்தி, சோப்புத் தண்ணியில ஊறப்போட்டு, பிரஷ் விட்டுத் தேச்சி, அலசி, காய வச்சி, ஸ்டெரிலைஸ் பண்ணுத ரூமுக்கு அனுப்பணும். அங்கன இருந்து பொட்டலமாத் திரும்பி வரும். பொட்டலத்துல ஒரு டேப் இருக்கும், உள்ள சரியா வெந்திருந்தா அதுல கறுப்புக் கோடு விழும். கோடு கொஞ்சம் வெளிறி இருந்தாக்கூட நான் திருப்பி அனுப்பிருவேன். அந்த ரூம்ல உள்ளவங்க என்னையக் கண்டாலே மொகத்தத் திருப்புவாங்க, திருப்பட்டும். பெறவு கிளவுஸ் மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா மெஷின்ல சேத்து, ஓட்டிப் பாத்து, நிறுத்தி, அவிச்ச பச்சைத் துணியப் போத்தி, நாலு முடிச்சி போட்டு, முடிச்சி மேல பிளாஸ்டர் ஒட்டி, அதுல தேதியும் என் கையெழுத்தும். அதுதான் சீல். தொண்டையில விடுத குழாய்த் தட்டுக்கும் அதே சீல். ஏழு நாள் ஆயிட்டா, யாரும் தொடலன்னாலும் பிரிச்சி மறுபடி மொதல்ல இருந்து. வார்டுல கிண்டல் பண்ணுவாங்க, எப்சிபா சிஸ்டர் மக குளிச்சி உடுத்திட்டாளான்னு. எனக்குக் கலியாணம் ஆகல, அதுக்குத்தான் அந்த நக்கல். நான் கண்டுக்கிடுதது இல்ல.

இந்தக் கோட்டி, இந்தக் கிறுக்கு, எனக்கு சும்மா பிடிக்கல அண்ணாச்சி. பதினாறு வருசத்துக்கு முந்தி செண்பகம்னு ஒரு பிள்ளை. இருபத்தி மூணு வயசு, தலைப் பிரசவம், பிள்ளை நல்லாப் பொறந்துட்டு, தாய்க்கு ஜன்னி. மூச்சு நிக்கப்போவுதுன்னு தூக்கிக்கிட்டு ஓடி வாராங்க. அப்ப எங்ககிட்ட மெஷின் ரெண்டுதான். ஒண்ணுல ஆள் இருக்கு. இன்னொண்ணுல கெடந்தவரு காலையிலதான் செத்துப்போயிருந்தாரு, குழாய் மாத்தல. மாத்துதுக்கு வேற குழாயும் இல்ல. டாக்டர் வெரசா வெரசாங்காரு, செண்பகத்தோட அம்மா என் கால்ல விழுந்து கெடக்கா. நான் அந்தக் குழாயவே ஸ்பிரிட்டப் போட்டுத் தொடச்சி மாட்டிட்டேன். அந்தப் பிள்ளைக்கு மூச்சு வந்துட்டு. எல்லாரும் என்னையக் கும்பிட்டாங்க.

நாலாம் நாள் காய்ச்சல். நெஞ்சு பூரா சளி, பச்சை பச்சையா. பதினோராம் நாள் போயிட்டா. பெரிய டாக்டர் மெதுவா என்கிட்ட சொன்னாரு, இது மெஷின்ல இருந்து வந்த கிருமின்னு. அவ்வளவுதான் சொன்னாரு. ஒரு விசாரணை இல்ல, ஒரு மெமோ இல்ல. செண்பகத்தோட அம்மா போகும்போது என் கையப் பிடிச்சி, நீங்க உங்களால ஆனதச் செஞ்சீங்க தாயீன்னுட்டுப் போனா. வெப்ராளம் தாங்காம அன்னைக்கி ஸ்டோர் ரூம்ல உக்காந்து அழுதேன். ஒருத்தராவது என்னையத் திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும் அண்ணாச்சி. திட்டவே இல்லையே.

அதுக்குப் பெறவுதான் இந்த சட்டம். நானே ஒரு அட்டையில செவப்பு மையில எழுதி மெஷின்ல தொங்கவிட்டேன், ‘அனுமதியின்றித் திறக்கக் கூடாது’ன்னு. அனுமதின்னா என்ன, ஒரு வார்த்தை கேக்குறது. ஏன் எழுதுனேன்னா, வார்டுல ஒருத்தனுக்குக் குழாய் ஓட்டையாப் போனா இதுல இருந்து உருவிருவாங்க. துணிய எடுத்து வேற கட்டில்ல விரிச்சிருவாங்க. ஒருநாள் ஒரு பயிற்சி டாக்டர் அது மேல டீ கிளாஸ வச்சிருந்தான். நான் போட்ட சத்தத்துல பெறவு அவன் ஐசியூ பக்கமே டீ குடிக்கல.

இந்தப் பதினாறு வருசத்துல அந்த மெஷின்ல இருந்து ஒரு கிருமி ஒரு ஆளுக்கும் போகல. மெட்ராஸ்ல இருந்து தரம் பாக்க வந்தவங்க அது பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. குடியரசு தினத்துல கலெக்டர் எனக்குக் கேடயம் குடுத்தாரு. அலமாரியில இருக்கு, பாருங்க. இல்ல, எடுக்க வேண்டாம், இருந்தபடியே பாருங்க.

மாரி வந்து ரெண்டு வருசம் ஆவுது. கான்ட்ராக்ட்ல வந்த பிள்ளைங்க பாதி நேரம் போனத்தான் பாக்கும். இவ அப்படி இல்ல. நான் முடிச்சி போடுதத நின்னு பாப்பா. நகத்த ஒட்ட வெட்டியிருப்பா. எனக்குப் பெறவு அந்த மெஷினுக்கு இவதான்னு மனசுக்குள்ள வச்சிருந்தேன். அதனாலதான் அவகிட்ட மட்டும் கொஞ்சம் கண்டிப்பு. வேண்டாத பிள்ளைய நான் ஏன் திட்டப்போறேன்?

தை மாசம் ஒருநாள் நான் ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கேன். மூச்சிழுப்பு வந்த ஒரு பெரியவரத் தூக்கிட்டு வந்திருக்காங்க. மாரி பயந்துபோயி சீலப் பிரிச்சி மெஷினத் தயார் பண்ணிட்டா. பெரியவருக்கு ஆவி பிடிக்க வச்சதுலயே சரியாப்போச்சி, மெஷின் தேவைப்படல. நான் வந்து பாக்கேன், துணி தரையில கெடக்கு. தரையில அண்ணாச்சி. அவ டூட்டி ரெண்டு மணிக்கு முடியுது. முடியட்டும்னேன். எல்லாக் குழாயவும் கழத்தி மொதல்ல இருந்து செய்ய வச்சேன், அஞ்சரை ஆயிட்டு. வந்தவங்க போனவங்க எல்லாரும் பாத்தாங்க. செண்பகத்தோட கதைய அவளுக்குச் சொல்லி, இன்னொரு செண்பகத்தக் கொல்லப் பாத்தியேன்னு கேட்டேன். பெறவு ரிஜிஸ்டர்ல ‘கேட்காமல் திறக்க மாட்டேன்’னு எழுதிக் கையெழுத்துப் போட வச்சேன். அழுதா. அழட்டும், நல்லதுக்குத்தான. அன்னையில இருந்து அவ ஒரு தப்பு பண்ணல. நான் சொல்லிக்குடுத்ததுல ஒரு எழுத்து பெசகாது.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வாரேன். குருத்தோலை ஞாயிறு. நான் லீவு. சர்ச்ல பவனி, எல்லாரும் ஓலையப் பிடிச்சிக்கிட்டு தெருவ சுத்தி வாரோம். போன் பையில கெடக்கு, சத்தம் அமத்தி வச்சிருக்கேன். வருசத்துக்கு ஒருநாள் ஆண்டவருக்குக் குடுக்கக் கூடாதா?

வாழைத் தோட்டத்துல காவலுக்குப் படுத்திருந்த ஆளு, கசமுத்துன்னு பேரு, முப்பத்திரெண்டு வயசு. கட்டுவிரியன் கடிச்சிருக்கு. கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும் அது, தெரியவே செய்யாது. காலையில எந்திரிச்சி வயித்து வலிங்கான், கண் இமை தொங்குது. ஆஸ்பத்திரிக்கிக் கொண்டுவந்து மருந்து ஏத்தி ஐசியூல போட்டிருக்காங்க. அந்த விசத்துக்கு ஒரு குணம் உண்டு. மூச்சு விடுத சதைய மயக்கிப் போட்டுரும், ஆள் உள்ள நல்லாத்தான் இருப்பான். நாம பேசுதது எல்லாம் கேக்கும். மூணு நாள் நாலு நாள் மெஷின்ல கெடந்தான்னா எந்திரிச்சி நடந்து வீட்டுக்குப் போவான். நான் எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். பொழைக்கக்கூடிய ஆளு அண்ணாச்சி.

மூணு மெஷின்லயும் ஆள். மாரியும் ஒரு ஆயாவும் மட்டும் டூட்டியில. டாக்டர் ரிஸ்வான் கீழ இருக்காரு, பஸ் கவுந்து பதினஞ்சு பேரக் கொண்டுவந்திருக்காங்க. கசமுத்துக்கு மூச்சு மங்குதுன்னு மாரி போன் பண்ணியிருக்கா. அவரு ரெடி மெஷினத் தெறந்து மாட்டி வை, நான் ஓடி வாரேன்னு சொல்லியிருக்காரு. இது ஒம்பது மணி அஞ்சு நிமிசம்.

இவ என்ன செஞ்சிருக்கணும்? மெஷின் எட்டடி தூரத்துல நிக்கி. சீலப் பிரிச்சி, துணிய எடுத்து, சுவிட்சப் போட்டா மூணு நிமிசம். அப்படித்தான நான் வச்சிருக்கேன், மூணு நிமிசத்துல ஓடுத மாதிரி. பிரிக்கல. மூச்சு அமுக்குத பலூனக் கசமுத்து பெஞ்சாதி கையில குடுத்துட்டு, எனக்குப் போன் போடுதா. பெஞ்சாதி பேரு மகராசி. அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும், வாழையிலை அறுத்த கை. மூக்குல சரியாப் பொருத்தத் தெரியாது, காத்து பாதி வெளிய போயிருக்கும். மாரி எனக்குத் திருப்பித் திருப்பிப் போன் போடுதா. ஒம்பது தடவை. நான் ஓலையோட தெருவுல போய்க்கிட்டு இருக்கேன்.

டாக்டர் மேல வந்தப்ப மெஷின் துணியப் போத்திக்கிட்டு அப்படியே நிக்கி. அவரே முடிச்ச அறுத்திருக்காரு. அதுக்குள்ள நெஞ்சு நின்னுட்டு. முக்கா மணி நேரம் அமுக்கிப் பாத்தாங்களாம். வரல.

நான் திறக்காதன்னு சொன்னேனா? சொல்லுங்க. ஆள் சாகும்போது திறக்காதன்னு எந்தப் பாவி சொல்லுவா? அட்டையில கேட்டுட்டுத் திறன்னுதான் எழுதியிருக்கு. விசாரணை அதிகாரிகிட்டயும் இதத்தான் சொன்னேன். அவரு மெஷின்ல பஞ்சுல துடைச்சி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாரு, குழாய்ல, தட்டுல, எல்லாத்துலயும். ரிப்போர்ட் வந்துட்டு. கிருமி வளர்ச்சி இல்லை. ஒண்ணுகூட இல்ல அண்ணாச்சி. நான் அதுல ஒரு நகல் வாங்கி வச்சிருக்கேன். செண்பகத்துக்கு அவசரப்பட்டது நான், கசமுத்துக்கு அவசரப்படாதது அவ. ரெண்டையும் என் தலையிலயே வைக்கணும்னா நான் எங்க போவேன்?

இப்ப பெரிய டாக்டர் புதுசா ஒரு உத்தரவு போட்டிருக்காரு தெரியுமா? இனிமே அந்த மெஷினத் திறக்க ரெண்டு பேர் கையெழுத்து வேணுமாம், சிஸ்டரும் டாக்டரும். விசாரணை நடக்கும்போது பொருள் பத்திரமா இருக்கணும்ல. நேத்து போயிப் பாத்தேன், புதுப் பிளாஸ்டர் ஒட்டி நிக்கி. அது பக்கத்துலயே ரெண்டு கட்டில்ல பலூன் அமுக்கிட்டு இருக்காங்க.

என்ன அண்ணாச்சி, பைக்குள்ள என்னத்தத் தேடுதீங்க? என்ன காயிதம் அது? மாரி எழுதுனதா? நாளைக்கி விசாரணையில குடுக்கதா?

நீங்க சிபாரிசுக்கு வரலையா அப்ப? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறேன், நீங்களும் சொல்லல. என்கிட்ட காட்டி, இது சரியா, குடுக்கலாமான்னு கேட்டுட்டு வரத்தான் அனுப்பினாளா? குடுங்க. கண்ணாடி போட்டுக்கிடுதேன்.

‘தலைமைச் செவிலியர் அவர்கள் தொலைபேசியில் பேசியபோது கருவியை உடனே திறக்கும்படி சொன்னார்கள். நான்தான் பயத்தினால் காலதாமதம் செய்துவிட்டேன். இதில் வேறு யாருக்கும் பொறுப்பு இல்லை.’

இதத்தான் உங்ககிட்டயும் சொன்னாளா அண்ணாச்சி? வீட்டுலயும் இப்படியே சொன்னாளா?

செத்த இருங்க. தண்ணி குடிச்சிட்டு வாரேன்.

பவனி முடிஞ்சி சர்ச் வாசலுக்கு வந்ததும் போனப் பாத்தேன். ஒம்பது தடவை கூப்பிட்டிருக்கா. வேப்பமரத்தடிக்குப் போயித் திருப்பிக் கூப்பிட்டேன். அப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சி அண்ணாச்சி. இத நான் யார்கிட்டயும் சொல்லல. போன் கம்பெனியில இருந்து கணக்கு வாங்கியிருக்காங்க, ரெண்டு நிமிசம் இருபது செகண்டு பேசியிருக்கு, என்ன பேசினீங்கன்னு அதிகாரி கேட்டாரு. தேவையான அறிவுரை குடுத்தேன்னு எழுதிக் குடுத்தேன்.

நான் என்ன பேசினேன் தெரியுமா? அவ போன எடுத்ததும், “சிஸ்டர், கட்டுவிரியன் கடி, மூச்சு இல்ல, நாலாம் நம்பரத் திறக்கட்டுமா”ன்னா. நான் திறன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாச் சொல்லுதேன், திறன்னு சொல்லத்தான். வாய் பழகிப்போச்சி.

“கை கழுவுனியாட்டி”ன்னு கேட்டேன்.

அவ போன மேசையில வச்ச சத்தம் கேட்டுச்சி. பெறவு தண்ணிக் குழாயத் திறந்த சத்தம். கழுவுதா அண்ணாச்சி. விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு, நான் எப்படிச் சொல்லிக்குடுத்தேனோ அப்படி. ரெண்டு நிமிசம் தேய்க்கணும்னு நான்தான் சொல்லிக்குடுத்தது. நான் மாரி மாரின்னு கத்துதேன், அவளுக்குக் கேக்கல. தண்ணி விழுது, அந்தச் சத்தத்த நான் வேப்பமரத்தடியில நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். அந்த மகராசி அலறினதும் அந்தப் போன்லதான் கேட்டுச்சி. அப்பவும் தண்ணி விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சி.

இப்ப மாத்தி எழுதச் சொல்லட்டுமான்னு கேக்குதீங்க. நீங்க கேக்குறது நியாயம்தான். உங்க பிள்ளைக்கு வேலை போயிரும், வேற எங்கயும் சேத்துக்கிட மாட்டாங்க, எனக்குத் தெரியாதா? நேத்து வந்த சங்கத்து அம்மா சொன்னா, மாரி சரியாச் சாப்பிடுதது இல்ல, பொழுதன்னைக்கும் குழாயடியிலயே நிக்கான்னு. நீங்க அதச் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

எனக்கு அடுத்த மாசக் கடைசியில ரிட்டயர்மெண்ட் அண்ணாச்சி. நான் உண்மையச் சொன்னா அன்னைக்கிக் காலையில சஸ்பெண்ட் ஆர்டரக் கையில குடுத்துருவாங்க. அதக்கூடத் தாங்கிக்கிடுவேன். பதினாறு வருசம் நான் செஞ்சது அத்தனையும் தப்புன்னு என் கையால எழுதணுமே. அது என்னால முடியாது. உங்களப் பாத்து முடியும்னு பொய் சொல்லவும் எனக்கு வரல. விசாரணையில கேட்டா, நான் திறன்னுதான் சொன்னேன்னு சொல்லிருவேன். என்னைய எனக்குத் தெரியும்.

இந்தாங்க காயிதம். மடிச்ச மடிப்புலயே மடிச்சி வைங்க, கசங்காம. நீங்க போனதும் அவ கேப்பா, சிஸ்டர் என்ன சொன்னாங்கன்னு. சரியா இருக்கு, அப்படியே குடுத்துரலாம்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க. நான் சரின்னு சொல்லிட்டா அவளுக்குப் போதும், குடுத்துருவா.